ஆடி ஒன்றில் கிடாய், பொங்கலுக்குள் குட்டி

செம்மறி வளர்க்கிற யாரிடமாவது "உங்க பட்டியில எப்பங்க குட்டி போடும்?" என்று கேட்டுப் பாருங்கள். "அது எப்ப வேணா போடுமுங்க" என்றுதான் பதில் வரும். திருப்பூர் மாவட்டத்தில் எங்கள் மூலனூர், தாராபுரம் பக்கம் பெரும்பாலான பட்டிகளில் கிடாய் வருசம் முழுக்க ஆடுகளோடேயே மேய்கிறது. எந்த ஆடு எந்த வாரம் பருவத்துக்கு வருகிறதோ அந்த வாரம் சினை பிடிக்கும், ஐந்து மாதம் கழித்துக் குட்டி போடும். சித்திரையில் ஒன்று, ஆனியில் மூன்று, ஐப்பசி அடைமழையில் ஐந்து என்று சிதறி விழும். இதை ஒரு குறையாகவே நாங்கள் நினைத்ததில்லை.

இதைச் சுருக்கி, எல்லாக் குட்டிகளையும் ஒரு மாதத்துக்குள் வரவைப்பது பற்றித்தான் இந்தப் பதிவு. ஊசி, ஸ்பாஞ்ச், ஹார்மோன் என்று இப்போது வாட்ஸ்அப் குழுக்களில் நிறையப் பேர் பேசுகிறார்கள். அவை எப்படி வேலை செய்கின்றன என்பதையும் சொல்கிறேன், ஆனால் என் கட்சி என்ன என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். கிடாயைப் பிரித்துக் கட்டுவதும், கணக்குப் பார்த்துத் திரும்ப விடுவதும்தான் முக்கால்வாசி வேலை. மருந்து வருவது அதற்கு அப்புறம்தான், அதுவும் எல்லாப் பட்டிக்கும் தேவைப்படாது.

இங்கிலாந்து மாதிரி குளிர்நாட்டு ஆடுகளுக்கு இந்தத் தலைவலி பாதிதான். பகல் குறையத் தொடங்கும் இலையுதிர் காலத்தில்தான் அவை பருவத்துக்கு வரும், மற்ற மாதங்களில் கிடாய் பக்கத்திலேயே நின்றாலும் ஒன்றும் நடக்காது. அங்கே நவம்பர் 5 வாணவேடிக்கை இரவில் கிடாயை விட்டால் ஏப்ரல் 1 முட்டாள்கள் தினத்தன்று முதல் குட்டி என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் சரியாக 147 நாள், செம்மறியின் சினைக்காலம். நம் ஊரில் வருசத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றேகால் மணி நேரம்தான் வித்தியாசம். அதனால் நம் மேச்சேரி இனச் செம்மறிக்கு எந்த மாதமும் ஒன்றுதான். வயிறு நிறைந்து உடம்பு தேறினால் பருவத்துக்கு வரும், காய்ந்தால் நிறுத்திக்கொள்ளும். குளிர்நாட்டில் பகல் நீளம் செய்கிற காவலை இங்கே நாம்தான் செய்ய வேண்டும்.

அந்த 147 நாளை நம் மாதங்களில் வைத்துப் பாருங்கள். ஆடி முதல் தேதி கிடாயை விட்டால் கார்த்திகை கடைசி வாரத்தில் முதல் குட்டி. ஐந்து வாரம் விட்டுவைத்து ஆவணி முதல் வாரத்தில் எடுத்துவிட்டால் கடைசிக் குட்டி பொங்கலை ஒட்டி வரும், நாலு நாள் முன்னே பின்னே இருக்கலாம். வடகிழக்குப் பருவமழையின் வேகம் அடங்கி, காட்டில் கொழுக்கட்டைப் புல் நிற்கிற நேரம் அது. தாய்க்குப் பால் ஊறும், குட்டி அடைமழையில் நனையாது. மார்கழிப் பனி ஒரு தொல்லைதான், அதற்குப் பட்டியைச் சுற்றிப் படல் கட்டிக்கொள்ளலாம். புதுமணத் தம்பதியை ஆடியில் பிரித்துவைக்கிற ஊரில் ஆட்டுக்கு மட்டும் ஆடியில் ஜோடி சேர்ப்பதா என்று என் அத்தை ஒருவர் சிரித்தார். யோசித்தால் இரண்டும் ஒரே கணக்குதான்: பிள்ளை சித்திரை வெயிலில் பிறக்கக்கூடாது, குட்டி மார்கழிப் புல்லில் பிறக்க வேண்டும்.

ஏன் ஐந்து வாரம்? பெட்டை ஆடு சுமார் 17 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், ஒரு நாள் அல்லது ஒன்றரை நாள் அந்தப் பருவம் நிற்கும். அப்போது சினை பிடிக்காவிட்டால் அடுத்த 17 நாள். ஆக 35 நாளில் ஒவ்வொரு ஆட்டுக்கும் இரண்டு வாய்ப்பு. உடம்பு நன்றாக இருக்கிற ஆடுகளில் பெரும்பாலானவை முதல் சுற்றிலேயே சினை பிடித்துவிடும். இரண்டு சுற்றிலும் தவறியதை அடுத்த பத்து மாதமும் கிடாயோடு விட்டுவைத்தால் கடைசியில் எப்போதாவது குட்டி போடும்தான், ஆனால் அந்த ஒன்றுக்காக மொத்தப் பட்டியின் ஒழுங்கும் போய்விடும்.

சிதறிப் பிறப்பதில் என்ன நட்டம் என்று கேட்பவர்கள் தீவனத்திலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். கருவில் இருக்கும் குட்டி தன் எடையில் பெரும்பகுதியைக் கடைசி ஆறு வாரத்தில்தான் போடுகிறது. அந்த ஆறு வாரம் தாய்க்குத் தவிடும் பிண்ணாக்கும் கூடுதலாக வேண்டும். பட்டியில் பாதி ஆடு வெறும் வயிறு, கால்வாசி இளஞ்சினை, கால்வாசி நிறைசினை என்று கலந்து நின்றால் யாருக்கென்று வைப்பது? எல்லாவற்றுக்கும் வைத்தால் காசு போகும், யாருக்கும் வைக்காவிட்டால் குட்டி போகும். தடுப்பூசியும் அப்படித்தான். துள்ளுமாரி என்கிற குடல் நச்சு நோய்க்கான ஊசியைக் குட்டி போடுவதற்கு ஒரு மாதம் முன் தாய்க்குப் போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் பாதுகாப்பு கிடைக்கும். சினைத் தேதியே தெரியாத பட்டியில் அந்த ஒரு மாதத்தை எங்கே போய்த் தேடுவது. பெரிய குட்டி, சின்னக் குட்டி எல்லாம் ஒரே பட்டியில் கிடக்கும்போது பெரியது கழிகிற கிருமியைச் சின்னது நக்கும். கடைசியாகப் பிறந்த குட்டிகளுக்குத்தான் எப்போதும் கழிச்சல் அதிகம். அதோடு இரண்டு மாதக் குட்டி இன்னொரு தாயிடம் பால் திருடக் கற்றுக்கொண்டால் புதிதாகப் பிறந்ததன் கதி அவ்வளவுதான்.

அப்புறம் விற்பனை. வியாபாரி வந்து பட்டியைப் பார்க்கிறார். ஆறேழு உருப்படி ஒரே ஈடாக இருக்கிறது, மீதி எல்லாம் ஒவ்வொரு தினுசு. "ஒரே ஈடா முப்பது இருந்தா வண்டியக் கொண்டாந்து மொத்தமா ஏத்திக்கிறனுங்க, இதுக்குன்னு வரமுடியாதுங்க" என்பார். அந்த ஒரு வாக்கியத்தில் பேரம் முடிந்துவிடும். கன்னிவாடிச் சந்தைக்கு நாமே ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். கார்த்திகை, மார்கழியில் ஒன்றாகப் பிறந்தவை என்றால் கொஞ்சத்தை நாலைந்து மாதத்தில் சித்திரை, வைகாசிக் கோயில் விசேசங்களுக்குக் கொடுக்கலாம், மீதியை நிறுத்தித் தீபாவளிக்கு எடைக்குக் கொடுக்கலாம். பக்ரீத் மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்காது. அது ஒவ்வொரு வருசமும் 11 நாள் போல முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும், வயது நிறைந்த கிடாய் வேறு கேட்பார்கள். அதை நம்பி இறங்குகிறவர்கள் ஒன்றரை வருசம் முன்னாலேயே நாள் எண்ண வேண்டும்.

சரி, கிடாயைப் பிரிப்பது எப்படி? இந்த விசயத்தில் கொங்குப் பக்கம் கொடுத்துவைத்தவர்கள். கிளுவை வேலி போட்ட கொரங்காடு இருக்கிறது, வேலிக்குள் வெள்வேல மரம், கீழே புல். ஆட்டை உள்ளே விட்டுக் கடவை அடைத்துவிட்டால் மேய்ப்பவர் இல்லாமலேயே மேயும். ஒரு காட்டில் பெட்டை ஆடுகள், தள்ளி இன்னொரு காட்டில் கிடாய்கள். நிலம் இல்லாமல் ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் நாலு வீட்டு ஆடுகளைக் கலந்து மேய்ப்பவர்களுக்கு இது சுலபமில்லை. நம் கிடாயைக் கட்டிவைத்தாலும் பக்கத்து வீட்டுக் கிடாய் சும்மா இருக்காது. அங்கே ஒருவர் மட்டும் செய்து பயனில்லை, சேர்ந்து மேய்க்கிற எல்லோரும் ஒரே தேதிக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். பிரிக்க இடமில்லாத இடையர்கள் உலகம் முழுக்க வேறு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். கென்யா, தான்சானியாவின் மாசாய் மக்கள் கிடாயின் அடிவயிற்றில் தோலால் ஒரு திரை கட்டித் தொங்கவிடுவார்கள். ஏறலாம், ஆனால் காரியம் நடக்காது. சகாராவின் துவாரெக் மக்கள் ஒரு கயிற்றுக் கட்டிலேயே அதே வேலையை முடித்துவிடுவார்கள். நாள் பார்த்துக் குட்டி போடவைப்பது வெள்ளைக்காரன் பண்ணையில் பிறந்த யோசனை என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பிரித்துவைத்த கிடாயைத் திரும்ப விடும்போது இன்னொரு லாபமும் இருக்கிறது. பல வாரம் கிடாயைப் பார்க்காமல், குரல் கேட்காமல், வாசனை படாமல் இருந்த ஆடுகளுக்கு நடுவில் திடீரென்று ஒரு கிடாய் வந்தால், பருவச் சுழற்சி நின்றுபோயிருந்த ஆடுகள் விழித்துக்கொள்ளும். மேற்கு ஆஸ்திரேலியாவில் மெரினோ ஆடுகளைக் கவனித்த அண்டர்வுட் குழு 1944லேயே இதை எழுதிவைத்திருக்கிறது. கிடாயின் வாசனை மூக்கு வழியாகப் போய் மூளையைத் தட்டுகிறது, இரண்டு மூன்று நாளில் கருமுட்டை வெளியே வருகிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த முதல் முட்டை வரும்போது ஆடு பருவ அறிகுறி எதுவும் காட்டாது, கிடாயைச் சேர்த்துக்கொள்ளவும் செய்யாது. சில ஆடுகள் அதன்பின் வழக்கமான 17 நாள் சுற்றுக்குப் போய்விடும். சில ஆடுகள் ஆறு நாளில் ஒரு குட்டைச் சுற்று முடித்து, இன்னொரு முட்டையைச் சத்தமில்லாமல் விட்டு, அப்புறம்தான் வழக்கத்துக்கு வரும். ஆகவே கிடாய் வந்த 18ஆம் நாளை ஒட்டி ஒரு கூட்டமும் 24ஆம் நாளை ஒட்டி இன்னொரு கூட்டமும் பருவத்துக்கு வரும்.

இதைத் தெரிந்துகொண்டு சில நாடுகளில் முதலில் விந்து நாளம் வெட்டிய கிடாயை இரண்டு வாரம் விடுகிறார்கள். அது எழுப்பிவிடும், சினையாக்காது. பிறகு அதை எடுத்துவிட்டு நிஜக் கிடாயை விட்டால் எல்லாம் சேர்ந்தாற்போல் சினையாகும். ஆனால் நம் ஊர் ஆடுகளில் பாதிக்கு மேல் எப்போதும் சுழற்சியில் இருப்பவை, அவற்றைக் கிடாய் வாசனை பெரிதாக மாற்றாது. வெயிலில் காய்ந்ததும், குட்டியை இப்போதுதான் பிரித்ததும், தலை ஈத்துக்கு நிற்கிற இளசும்தான் இதில் எழும். கிடாய் புதுசாக இருந்தால் இன்னும் நல்லது. பழகிய கிடாயைவிட முகம் தெரியாத கிடாய்க்கு ஆடுகள் நன்றாக எழும் என்பது ஆராய்ச்சியில் தெரிந்த விசயம். பக்கத்து ஊர்க்காரரோடு கிடாய் மாற்றிக்கொண்டால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய், சொந்தக் கிடாய் தன் குட்டிகளோடேயே சேருவதும் தடைபடும். வாங்குகிற கிடாயை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், நோயையும் சேர்த்து மாற்றிக்கொள்ள வேண்டாம்.

இனி மருந்து. பருவச் சுழற்சியை நடத்துவது சினைப்பையில் இருக்கும் மஞ்சள் திசு சுரக்கிற புரோஜெஸ்டிரோன். அது இருக்கும்வரை அடுத்த பருவம் வராது. கருப்பை புரோஸ்டாகிளான்டினை விட்டு அந்தத் திசுவைக் கரைத்ததும் இரண்டு மூன்று நாளில் பருவம் வரும். மருந்துகள் எல்லாம் இந்த இரண்டு முனையில் ஒன்றைப் பிடித்து இழுப்பவைதான்.

புரோஸ்டாகிளான்டின் ஊசி மலிவு, மருத்துவர்களிடம் கிடைக்கும், பத்து நாள் இடைவெளியில் இரண்டு ஊசி. இரண்டு எதற்கென்றால், சுற்றின் தொடக்கத்திலும் முடிவிலும் இருக்கிற ஆடுகளை முதல் ஊசி பிடிக்காது. இந்த ஊசியில் ஒரு பெரிய ஆபத்து உண்டு, இதைத்தான் குழுக்களில் யாரும் சொல்வதில்லை. செம்மறியில் சினைக்கு ஐம்பது நாள் தாண்டும்வரை கருவைத் தாங்குவது அந்த மஞ்சள் திசுதான். அதற்குள் இந்த ஊசி போட்டால் கரு கலைந்துவிடும். வருசம் முழுக்கக் கிடாய் திரிகிற பட்டியில் எந்த ஆடு இளஞ்சினை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? குட்டியை ஒன்றாகப் பிறக்கவைக்கப் போய் இருக்கிற குட்டியையும் கலைத்துக்கொள்வீர்கள். ஆக ஊசிக்கும் முன்னால் கிடாயைப் பிரித்தே ஆகவேண்டும். இன்னொன்று, இந்த மருந்து தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் குப்பியைத் தொடவே கூடாது.

ஸ்பாஞ்ச் வேறு வழி. புரோஜெஸ்டிரோன் வகை மருந்தில் ஊறவைத்த பஞ்சை ஆட்டின் பிறப்புறுப்புக்குள் 12 முதல் 14 நாள் வைத்துவிட்டு, நூலைப் பிடித்து இழுத்து எடுப்பது. எடுத்த ஒன்றிரண்டு நாளில் கிட்டத்தட்ட எல்லா ஆடும் ஒன்றாகப் பருவத்துக்கு வரும், சுழற்சி நின்றிருந்தவையும் வரும். 1960களின் நடுவில் சிட்னி பல்கலைக்கழகத்தில் ராபின்சன் கொண்டுவந்த முறை இது. நம் நாட்டில் ராஜஸ்தானின் அவிகாநகரில் இருக்கிற மத்திய செம்மறி மற்றும் கம்பள ஆராய்ச்சி நிறுவனம் உள்நாட்டிலேயே குறைந்த விலை ஸ்பாஞ்ச் செய்திருக்கிறது. எடுக்கும்போது கொஞ்சம் நாற்றத்தோடு நீர் வடியும், பயப்பட வேண்டாம். இதுவரை குட்டி போடாத இளம் ஆடுகளுக்கு வைக்காமல் விடுவதே நல்லது.

ஸ்பாஞ்ச் எடுக்கிற அன்று குதிரைச் சினை ஹார்மோன் ஊசியும் சேர்த்துப் போடுவது வழக்கம், முட்டைகள் நேரத்துக்கு வர. அளவு கூடினால் முட்டையும் கூடும். மேச்சேரி ஒரு ஈத்துக்கு ஒரு குட்டி போடுகிற இனம், இரட்டை அபூர்வம், மடியும் அதற்கேற்ற மடிதான். அதன் வயிற்றில் மூன்றை வைத்துவிட்டுப் புட்டியோடு நாம் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு வந்தால் லாபம்தானே என்பவர்கள் பால் பவுடர் விலையையும் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

எல்லாவற்றையும்விட இடிக்கிற இடம் கிடாய். சாதாரணமாக 25, 30 பெட்டைக்கு ஒரு கிடாய் போதும், ஏனென்றால் எந்த நாளிலும் பதினேழில் ஒன்றுதான் பருவத்தில் நிற்கும். ஸ்பாஞ்ச் வைத்து நாற்பதையும் ஒரே நாளில் எழுப்பிவிட்டால்? ஐந்திலிருந்து பத்துப் பெட்டைக்கு ஒரு கிடாய் வேண்டும். அவ்வளவு கிடாய் யாரிடம் இருக்கிறது? ஒரே கிடாயை விட்டால் அது பிடித்த நாலு ஆட்டிடமே சுற்றிச் சுற்றிப் போகும், மீதி நிற்கும். பிரிவு பிரிவாக, பத்துப் பத்தாக, சில நாள் தள்ளித் தள்ளி ஸ்பாஞ்ச் எடுக்கலாம். அப்படிச் செய்தால் கிட்டத்தட்ட கிடாயை 17 நாள் விட்டுவைப்பதற்கே வந்து சேருகிறோம், செலவு மட்டும் கூடுதல்.

அப்படியென்றால் ஸ்பாஞ்ச் வீணா என்றால் இல்லை. செயற்கைக் கருவூட்டல் செய்கிற இடத்தில் அது இல்லாமல் முடியாது. செம்மறியின் கருப்பைக் கழுத்து மடிப்பு மடிப்பாக வளைந்து கிடக்கும், மாட்டுக்குப் போல ஊசிக்குழலை நேராக உள்ளே செலுத்த முடியாது. உறைவிந்து கருப்பைக்குள் போக வேண்டுமானால் வயிற்றில் சின்னத் துளையிட்டு லேப்ரோஸ்கோப் வழியாகத்தான், ஆஸ்திரேலியாவில் 1980களில் வந்த முறை. மருத்துவர் ஒரு நாள் வந்து ஐம்பது ஆட்டை முடித்துவிட்டுப் போக, ஐம்பதும் அன்றைக்குத் தயாராக இருக்க வேண்டும். பொட்டனேரி மேச்சேரி ஆராய்ச்சி நிலையம் மாதிரி இனம் காக்கிற, நல்ல கிடாயின் வித்தைப் பரப்புகிற இடங்களுக்கு இது சரியான கருவி. கறிக்குக் குட்டி விற்கிற எனக்கு ஒரே நாளில் நாற்பது குட்டி எதற்கு? ஒரு மாதத்துக்குள் வந்தால் போதும்.

ஒரே நாளில் வந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். ஒரே இரவில் எட்டுப் பத்து ஆடு குட்டி போடுகிற பட்டியில் தாய் மாறும். குட்டி போடப்போகிற ஆடு, தனக்கு வலி வருமுன்னே அடுத்ததன் ஈரக் குட்டியை நக்கி எடுத்துக்கொள்ளும். அப்புறம் தன் குட்டி வந்ததும் ஒன்றை உதைத்துத் தள்ளும். குட்டி போட்டதைத் தனியாகப் பிரித்துப் படலுக்குள் விட வேண்டும், தொப்புளில் அயோடின் வைக்க வேண்டும், முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்ததா என்று பார்க்க வேண்டும். இரண்டு பேர் விடிய விடிய நின்றாலும் பத்துப் பேருக்கான வேலை. அந்த வாரம் புயல் மழை அடித்தால் மொத்த வருசமும் அந்த வாரத்திலேயே போகும். ஐந்து வாரத்தில் பரவலாக வந்தால் இரவுக்கு ஒன்றிரண்டு, கண்ணுக்கும் கைக்கும் எட்டும். இறந்த குட்டியின் தாயிடம் தாயில்லாக் குட்டியைப் பழக்கிவிடவும் இந்த நெருக்கம் போதும்.

ஆனியிலேயே எங்கள் வேலை தொடங்கிவிடும். காற்று வீசிப் புல் காய்ந்து ஆடுகள் இளைத்திருக்கிற நேரம். முதுகெலும்பைத் தடவிப் பார்த்தால் கத்தி முனைபோல் குத்தும். அப்படியே கிடாயை விட்டால் ஒழுங்காகப் பருவத்துக்கு வராது. மூன்று வாரம் முன்பிருந்தே தலைக்கு இருநூறு, இருநூற்றைம்பது கிராம் கம்பு அல்லது மக்காச்சோளத்தோடு தவிடும் பிண்ணாக்கும் கலந்து வைப்போம். வெயிலில் உதிர்ந்த வெள்வேலங்காயைப் பொறுக்கிச் சேர்த்திருந்தால் அதுவும். கிடாய்க்கும் அதே உபசாரம், இரண்டு மாதம் முன்பிருந்தே, ஏனென்றால் விந்து முதிர ஏழு வாரம் ஆகும். ஆடியில் விடும்போது கிடாயின் நெஞ்சில் காவியை எண்ணெயில் குழைத்துப் பூசிவிட்டால் அது ஏறிய ஆட்டின் பின்புறம் சிவப்பாக இருக்கும். 17ஆம் நாள் நிறத்தை நீலத்துக்கு மாற்றிவிடுவோம். சிவப்பின்மேல் நீலம் விழுந்தால் அந்த ஆடு முதல் சுற்றில் சினை பிடிக்கவில்லை என்று அர்த்தம். சிவப்பு வாங்கியதெல்லாம் நீலமும் வாங்கினால் சந்தேகம் கிடாய்மேல், அன்றைக்கே வேறு கிடாய் தேட வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, பத்து ஆடு வைத்திருக்கிற ஒரு அக்கா கேட்டார்: "பள்ளிக்கூடம் திறக்கறப்ப ஒரு குட்டி, மருந்துக்கு ஒரு குட்டின்னு வித்துக்கறனுங்க தம்பி. எல்லாம் ஒண்ணாப் பொறந்தா ஆவணில நான் என்னத்த விக்கறது?" அவர் கேட்டது நியாயம். சிதறிப் பிறக்கிற குட்டிகள்தான் அவருடைய சேமிப்பு, அவருக்கு இந்த முறை வேண்டியதில்லை. நாற்பது, ஐம்பதுக்கு மேல் வைத்திருந்து மொத்தமாக விற்கப் பார்க்கிறவர்களுக்கே இந்தக் கணக்கு.

எங்கள் வீட்டில் சண்டை வருவது ஆவணியில் கிடாயை வெளியே எடுக்கிற அன்றைக்குத்தான். "இன்னும் ரெண்டு மூணு சினை பிடிக்காம நிக்குதே, ஒரு பத்து நாள் விட்டா என்ன குறைஞ்சிரும்?" என்று அப்பா கேட்பார். பத்து நாள் பதினைந்தாகும், அப்புறம் கிடாய் அங்கேயே மேய்ந்துகொண்டிருக்கும், அடுத்த வருசம் பழையபடி சித்திரையில் ஒன்று ஆனியில் மூன்று. சினை பிடிக்காத ஆடுகளைப் பல்லும் மடியும் பார்த்துவிட்டு, வயசானதைச் சந்தைக்கு அனுப்பிவிடுகிறோம், இளசாக இருந்தால் அடுத்த ஆடிவரை நிறுத்துகிறோம். அப்பாவுக்கு இதில் இன்னும் முழுச் சம்மதம் இல்லை.